ஸ்பாஸுக்கு வந்த சம்மன்

நீதிமன்றத்திலிருந்து சம்மன் வந்த அன்றே ஸ்பாஸ் ஆடுகளை ஓட்டிக்கொண்டு ரோடோப் மலைக்கு ஏறிவிட்டான். காகிதத்தில் 'கைது' என்ற சொல்தான் அவன் கண்ணில் பட்டிருந்தது. மூன்று வாரம் ஊர்ப்பக்கம் இறங்கவில்லை.

தபால்காரி நெவெனா பட்டிக்கே ஏறி வந்து அதை வாங்கிப் படித்தாள்.

"உன்னைப் பிடிக்க இல்லண்ணே. மர ஆலையைக் கொளுத்தினதா திமோவைப் பிடிச்சிருக்காங்க. அவன்தான் உன்னைச் சாட்சின்னு சொல்லியிருக்கான். நீ போகலைன்னாத்தான் கைது."

"திமோவா? ஆலை எரிஞ்ச அன்னிக்கு அவன் இங்க என்கூட பாலாடைக்கட்டி போட்டுக்கிட்டிருந்தானே!"

"அதைச் சொல்ல ஆளில்லாமத்தான் வழக்கை ஒத்திவெச்சாங்க. அவன் இன்னும் உள்ளதான் கிடக்கான்."

ஸ்பாஸ் மறுநாளே நகரத்துக்குப் போனான். விசாரணை நாளில் நீதிபதி முன்னால் நடந்ததைச் சொன்னான். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அன்று மாலையே திமோவை விடுதலை செய்தார்கள்.

சிறை வாசலில் ஸ்பாஸ் காத்திருந்தான். "காகிதம் புரியலடா" என்றான்.

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்ல?"

திமோ பேருந்தில் ஏறி முன்னிருக்கையில் உட்கார்ந்தான். ஸ்பாஸ் பின்னால் போய் உட்கார்ந்தான்.