சிம்னி இழுத்த காற்று

எங்கள் பாய்லருக்கு இரண்டு ஃபேன். ஒன்று முன்னாலிருந்து காற்றை அடுப்புக்குள் தள்ளும். மற்றது பின்னாலிருந்து புகையை இழுத்துச் சிம்னியில் விடும். தள்ளுவதைவிட இழுப்பது ஒரு பிடி கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுப்புக் கதவைத் திறக்கிறவர் முகத்துக்கே தீ வந்துவிடும். பதினோரு வருடமாக இந்த அட்டை ஆலையில் அந்த ஒரு பிடியைக் காப்பாற்றுவதுதான் என் வேலை. என் கொழுந்தனைக் கேட்டால், "அண்ணிக்கு என்ன, மீட்டர் முள்ளப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கச் சம்பளம்" என்பான்.

சின்னவன் என்றுதான் அவனை வீட்டில் கூப்பிடுவோம். அதே ஆலையில் ஃபிட்டர். வேலையில் கெட்டி, வாய் மட்டும் இரண்டு ஆளுக்குக் காணும்.

அன்று பாய்லரை அணைத்து நாலாவது நாள். சாம்பல் வாருவதற்காகப் புகை போகும் டக்டுக்குள் அவன் இறங்க வேண்டும். டக்ட் என்றால் ஆள் குனிந்து நடக்கிற அளவுக்கு இரும்புப் பாதை. ஒரு முனையில் பாய்லர், மறு முனையில் இழுக்கிற ஃபேன், அதற்கப்பால் சிம்னி. ஃபேன் பக்கமுள்ள ஆள்வழியில் நுழைந்து, நடுவிலிருக்கும் சாம்பல் தொட்டியைத் தாண்டி, பாய்லர்வரை போக வேண்டும். அதற்கப்பால் அடுப்புவரை நெருக்கமான குழாய்கள்; காற்றும் புகையும்தான் அவற்றினூடே போகும், ஆள் போக முடியாது. உள்ளே போகிறவன் ஃபேன் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுச் சாவியைப் பையில் வைத்துக்கொள்வான். அவன் வெளியே வந்து திறக்கும்வரை மேனேஜரே ஆனாலும் அந்தச் சுவிட்சைத் தொடக்கூடாது.

எனக்கும் ஒரு பழக்கம் உண்டு. யாராவது உள்ளே போகுமுன் அடுப்புக் கதவைத் திறந்து, ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பார்ப்பேன். ஃபேன் நின்றிருந்தாலும் அது உள்ளே சாயும். சிம்னி கொஞ்சம் இழுத்துக்கொண்டுதான் இருக்கும். அன்று காகிதம் என் பக்கம் சாய்ந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது, ஆறிப்போன சிம்னிக்குள் குளிர்ந்த காற்று. அது கனம் தாங்காமல் கீழே இறங்கி, டக்ட் வழியாக அடுப்புக்கு வந்துகொண்டிருந்தது.

"என்ன அண்ணி, காகிதத்துல ஜோசியமா?" என்றான் சின்னவன்.

எனக்குச் சுருக்கென்றது. "போய் வேலையப் பாருடா" என்றேன். காற்று தலைகீழாக வருகிறது, கொஞ்சம் பொறு என்று சொல்லியிருக்க வேண்டும். ரோஷத்தில் சொல்லவில்லை. தப்பு என்னுடையதுதான்.

பதினொரு மணிக்கு அடுப்புக் கதவு வழியாகப் புகை வந்தது. ஒரு கணம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. அணைந்த அடுப்பில் ஏது புகை? பிறகு புரிந்தது. சாம்பலுக்குள் கனல் நாட்கணக்கில் உயிரோடு கிடக்கும். தொட்டியில் அவன் கிளறிவிட்டுப் போன சாம்பலுக்குக் காற்றுப் பட்டு, கனல் கண் விழித்திருக்கிறது. சிம்னியிலிருந்து இறங்கும் காற்று அந்தப் புகையையெல்லாம் அவன் மேலேயே தள்ளுகிறது.

ஆள்வழிக்கு ஓடினேன். காவலுக்கு நின்ற எலெக்ட்ரீஷியன் உள்ளே தலையை விட்டுக் கத்திக்கொண்டிருந்தான். பதிலுக்கு இருமல் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. தீயணைப்பு வண்டி வர அரை மணி நேரம் ஆகும் என்றார்கள்.

மேனேஜர் மூச்சிரைக்க வந்தார். "பூட்ட வெட்டுங்கய்யா! ஃபேனப் போடுங்க, புகை போயிடும்!"

"வெட்டுனா கைய வெட்டுவேன்" என்றேன். அப்படித்தான் வாயில் வந்தது. "அவன் எங்க இருக்கான்னு யாருக்குத் தெரியும்? வழி தேடி ரெக்கைகிட்ட வந்திருந்தா? அந்தக் காத்துக்குக் கனல் பத்திக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"அப்ப என்னதான் பண்ணச் சொல்றே?"

சிம்னியைச் சூடாக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

எண்ணெய் துடைத்துப் போட்ட அழுக்குத் துணி மூட்டையையும் ஒரு டீசல் கேனையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். நாற்பது மீட்டர் உயரச் சிம்னியின் அடியில் கரி வாருவதற்கு ஒரு சின்னக் கதவு இருக்கிறது. துணியை உள்ளே திணித்து, டீசல் ஊற்றிக் கொளுத்தினேன். புகை என் மூஞ்சியிலேயே அடித்தது, புருவம் பொசுங்கியது. இன்னும் ஊற்றினேன். தீ தடுமாறியது, படுத்தது, பிறகு சட்டென்று நிமிர்ந்து நின்றது. மேலே எங்கேயோ 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் எழுந்தது. கதவைச் சாத்தினேன். இனி சிம்னிக்குக் காற்று வேண்டுமென்றால் டக்டைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் ஆள்வழி திறந்திருந்தால் காற்று அந்தக் குறுக்குவழியில் போய்விடும், சின்னவனிடம் வராது. ஓடிப்போய் அதன் இரும்புக் கதவைப் பிடித்தேன்.

"அக்கா, உள்ள ஆள் இருக்கான்!" எலெக்ட்ரீஷியன் என் கையைப் பிடித்துவிட்டான்.

"அதனாலதான் அடைக்கிறேன். விடுடா!"

அவன் வெளியே வர இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்தேன். கணக்கு தப்பினால் அவன் அம்மா முகத்தில் எப்படி விழிப்பேன் என்று நினைத்தேன். இருந்தும் தாழ்ப்பாளை இறுக்கினேன்.

திரும்ப அடுப்புக்கு வந்தபோது புகை இன்னும் வெளியேதான் வந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே நின்றேன். மெலிந்தது. கதவு வாயில் வந்து அசையாமல் நின்றது. பிறகு, கூப்பிட்ட பிள்ளை வீட்டுக்குத் திரும்புகிற மாதிரி, மெதுவாக உள்ளே போகத் தொடங்கியது.

தரையில் கிடந்த மரத்தூள் நகர்ந்தது. என் சட்டை நுனி அடுப்புப் பக்கம் இழுபட்டது. ஒரு மோட்டார் ஓடவில்லை, ஒரு சக்கரம் சுற்றவில்லை. அங்கே ஒரு மூட்டைத் துணி எரிகிறது. இங்கே இரண்டு மாடி உயர இரும்புப் பாய்லர் மூச்சை உள்ளே இழுக்கிறது. பதினோரு வருடம் அந்தச் சிம்னியின் நிழலில்தான் சாப்பிட்டிருக்கிறேன். அது இவ்வளவு பெரியது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. எனக்குப் புல்லரித்துப்போனது. பயமும் விடவில்லை.

அடுப்புக்குள் தலையை விட்டு, "சின்னவனே!" என்று கத்தினேன். என் குரலையும் காற்று கொண்டுபோனது.

குழாய்களுக்குப் பின்னாலிருந்து, "அண்ணி…" என்று வந்தது.

அதற்குள் ஆட்கள் தொட்டியின் அடிக்கதவைத் திறந்து, கனலை வெளியே வாரி மணலைக் கொட்டினார்கள். புகை அடங்கியதும் ஆள்வழியைத் திறந்தோம். கரிக்கட்டை மாதிரிக் கறுத்துப்போய்ச் சின்னவன் ஊர்ந்து வந்தான். தண்ணீர் குடித்தான், கொப்பளித்தான், இருமி முடித்தான்.

"யாரு ஃபேனப் போட்டது?"

"யாரும் போடல" என்றேன்.

"பின்ன, முதுகுல அவ்வளவு காத்து எங்கேருந்து வந்துச்சு?"

கையை மேலே காட்டினேன். அண்ணாந்து பார்த்தான். சிம்னி வாயிலிருந்து கறுப்பாய், நேராய், துணி எரிந்த புகை வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அண்ணாந்தபடியே முகத்துக் கரியைத் துடைத்துக்கொண்டான்.

பிறகு மெதுவாகக் கேட்டான். "கதவ அடைச்ச சத்தம் கேட்டுச்சு அண்ணி. என்னைக் கைவிட்டுட்டாங்கன்னு நெனச்சேன். யாரு அடைச்சது?"

"நான்தான்டா."

"இருட்டுல உக்காந்து உங்களக் கண்டபடி திட்டிட்டேன். யாருன்னு தெரியாமலேயே."

"என்னன்னு திட்டின?"

"சொல்ல மாட்டேன்."

சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.