உறைக்குள் இருந்த முகம்

யோஸ் எங்கள் கலைப்பொருள் புகைப்படக் காப்பகத்துக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். பெல்ஜியத்தில் ஔடெனார்டேக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் மாதா கோயிலில் கோயில்பிள்ளை; மணியடித்து, பீடத்தைப் பார்த்துக்கொள்பவர். எழுபது தாண்டியவர்.

"எங்க கோயில்ல கம்பளியில நெய்த சித்திரத் திரைச்சீலையில ஒரு குழந்தை முகம் இருந்த இடம் ஓட்டையா இருக்கும்மா. பழைய போட்டோ கிடைச்சா, அதைப் பாத்து சரிபண்ணலாம்னு சாமியார் சொல்றார்."

"எலி கடிச்சதா?"

"எங்கப்பாதான்னாங்க. அவரும் கோயில்பிள்ளை. சீலையச் சுருட்டி வச்சிருந்த அறைச் சாவி அவர்கிட்டதான் இருந்துச்சு. வெட்டி வித்துட்டார்னு வேலைய விட்டே தூக்கிட்டாங்க."

1961ஆம் வருடப் பெட்டியை எடுத்தேன். அந்த வருடம் எங்கள் நிறுவனர் பேராசிரியர் ஓடிலோன், அந்தத் திரைச்சீலையை ஆய்வுக்காக இரவல் வாங்கி வந்து படமெடுத்திருந்தார். படத்தில் முகம் முழுசாக இருந்தது. யோஸ் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

படத்துக்குப் பின்னால் ஒரு பழுப்பு உறை. நெகட்டிவ் என்று நினைத்துக் கவிழ்த்தேன். உள்ளங்கை அகலக் கம்பளித் துண்டு ஒன்று மேசையில் விழுந்தது. அதே குழந்தை. நாலு பக்கமும் கத்தரியால் நேராக வெட்டியிருந்தது. உறைமேல் பேராசிரியரின் கையெழுத்து: 'சாயச் சோதனைக்கு மாதிரி. திருப்பித் தர வேண்டியதில்லை.'

இந்த வேலையை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். தொண்ணூறு வயதிலும் வியாழன்தோறும் வருவார், அப்போதும் பக்கத்து அறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். உறையோடு போனேன்.

"சார், இது நீங்க வெட்டினதா?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆமா ரைன்ஹில்டே. கன்னத்துச் சிவப்பைப் பாத்தியா, கொஞ்சம்கூட வெளுக்கல! அப்போ எல்லாரும் அப்படித்தான் எடுத்தோம்."

"முகத்தையா சார்?"

"சதை நிறம் வேற எங்க கிடைக்கும்?"

வாசலில் யோஸ் நின்றிருந்தார். "எங்கப்பா சாகுற வரைக்கும் ஊருக்குத் திருடனாவே இருந்தாருங்க," என்றார்.

பேராசிரியர் என்னைப் பார்த்து, "யார் இவர்?" என்று கேட்டார்.

யோஸ் சத்தம் போடாமல் என் பக்கம் திரும்பினார். "அந்த உறையை ஒரு ஜெராக்ஸ் போட்டுக் குடுங்கம்மா. ஞாயித்துக்கிழமை பூசையில வாசிக்கச் சொல்லணும்." இரண்டு பக்கமும் நகலெடுத்து, முத்திரை வைத்து, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். துண்டை எங்கள் இயக்குநரே காரில் கொண்டுபோய்க் கோயிலில் ஒப்படைத்தார்.

பேராசிரியர் அதன்பின் வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அவர் காலத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறக்கிறோம். இதுவரை நாற்பத்தொரு உறைகள். ஒரு தேவதூதனின் கை. ஒரு ராஜாவின் தாடி. ஒவ்வொரு ஊருக்கும் கடிதம் எழுத வேண்டும். முதல் கடிதத்தை மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். அந்த ஊரில் பழி யார்மேல் விழுந்ததோ, தெரியவில்லை.