சுகுமாறன் வைத்த லிமிட்

செல்வராணியின் போனில் ஒரு நாளைக்கு எவ்வளவு டேட்டா ஓடலாம் என்பதை, லாபிஸ் ஊரில் உட்கார்ந்துகொண்டு அவள் கணவன் சுகுமாறன் தீர்மானித்தான். அவள் வேலை பார்த்தது ஜொகூர் பாருவில், கடலைப் பார்த்து நிற்கிற உயரமான அடுக்குமாடி ஒன்றில். நடுவில் அத்தனை தூரம் இருந்தும் அவன் விரல் அவள் போனுக்குள் இருந்தது. வீட்டில் குடும்ப லைன் எடுத்திருந்தார்கள். எல்லா நம்பரும் சுகுமாறன் பேரில். அவன் போனில் ஒரு செயலி. அதைத் திறந்தால் மனைவியின் நம்பரில் எந்த நேரத்தில் எவ்வளவு ஓடியது, கல்லூரியில் படிக்கும் மகள் லோஷினியின் நம்பரில் எவ்வளவு ஓடியது என்று கோடு கோடாகத் தெரியும். வேண்டுமானால் ஒவ்வொரு நம்பருக்கும் பூட்டுப் போடலாம். பூட்டுப் போடலாம் என்று ஓர் ஆம்பிளைக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு, போடாதே என்றால் கேட்பானா?

சுகுமாறன் கெட்டவன் இல்லை. செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை பேரை நாம் தப்பவிட்டிருக்கிறோம்!

செல்வராணியின் வேலை, அந்த அடுக்குமாடியில் விருந்தாளிகள் வந்து தங்கிப் போகும் யூனிட்டுகளைச் சுத்தம் செய்வது. வாரம் முழுக்க அங்கேயே மற்றப் பெண்களோடு விடுதியில் தங்கி, சனிக்கிழமை பஸ் ஏறி லாபிஸ் வருவாள். அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. ஒரு யூனிட்டை முடித்ததும் படம் எடுக்க வேண்டும்: விரித்த கட்டில், கழுவிய கழிப்பறை, திறந்து வைத்த ஐஸ்பெட்டி, பூட்டிய பால்கனிக் கதவு. குழாயைத் திறந்து தண்ணீர் போவதை வீடியோவும் எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் வாட்சப் குழுவுக்கு அனுப்பினால், கீழே லாபியில் இருக்கும் சூப்பர்வைசர் ஷிரீன் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் விருந்தாளியிடம் சாவி அட்டையைக் கொடுப்பாள். படம் வரவில்லை என்றால் அந்த யூனிட் அழுக்கு. முழங்கால் போட்டுத் தேய்த்து மின்ன வைத்திருந்தாலும் அழுக்குதான். யூனிட்டுகளில் இருந்த வைஃபை விருந்தாளிகளுக்கு. வேலை செய்கிறவர்கள் அதைத் தொடக்கூடாது. ஆகவே அவளுக்கு விளக்குமாறு எப்படியோ, டேட்டாவும் அப்படி.

கடல் பக்கத்து யூனிட்டுகளில் இன்னொரு கூத்தும் உண்டு. எதிரே தெரிவது சிங்கப்பூர். ஜன்னலோரம் போனாலே போன் அந்தக் கரையின் லைனைப் பிடித்துக்கொள்ளும். உடனே 'சிங்கப்பூருக்கு நல்வரவு' என்று ஒரு மெசேஜ் வந்து விழும். ரோமிங்கை அடைத்து வைத்திருப்பதால் அந்த நேரத்தில் டேட்டா ஒரு பொட்டுகூட ஓடாது. கடலோரத்தில் வேலை செய்கிற எல்லோருக்கும் இது பழகிப்போன விஷயம். படங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, லிஃப்ட் பக்கம் வந்து, நம் லைன் திரும்பியதும் மொத்தமாக அனுப்பிவிடுவார்கள். இதெல்லாம் லாபிஸில் இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அங்கே கடலும் இல்லை, அக்கரையும் இல்லை.

போன மாதம் ஷிரீன் அவளைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அக்கா, ஸ்கூல் லீவு கூட்டம் வருது. அது முடியிறதுக்குள்ள கடல் பக்கத்து மாடிக்கு ஒரு லீடர் போடணும். நான் ஒங்க பேரத்தான் மேனேஜர்கிட்ட சொல்லியிருக்கேன். பெர்மனெண்ட் ஆக்கிடுவாங்க. இந்த லீவு வரைக்கும் கம்ப்ளைன் இல்லாம பாத்துக்குங்க, போதும்."

செல்வராணிக்கு அன்றைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. தோட்டத்துப் பள்ளியில் மானிட்டராகக்கூட அவளை யாரும் வைத்ததில்லை. அவர்கள் குடியிருந்த தாமான் கோயில் கமிட்டியில் பெண்களுக்குச் சமையல் பொறுப்பு கொடுத்தபோதும், தலைவியாக வேறொருத்தி வந்து கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். இப்போது லீடர். அந்தச் சந்தோஷத்தோடுதான் சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள். சொல்வதற்கு முன்னால் குளித்துவிட்டு வரலாம் என்று போனை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திரும்பி வந்தபோது அது சுகுமாறன் கையில் இருந்தது.

"சிங்கப்பூருக்கு எதுக்குப் போன?" என்று கேட்டான்.

"யாரு போனா?"

"தெனைக்கும் வெல்கம் சொல்லியிருக்கான். ஒண்ணு ரெண்டு இல்ல."

அவளுக்குச் சிரிப்புதான் வந்தது. கடலையும் ஜன்னலையும் லைனையும் எடுத்துச் சொன்னாள். அவன் தன் போனை எடுத்துக் கோடுகளைக் காட்டினான்.

"சரி லா. அப்ப இது? காலையில ஒண்ணுமே ஓடல, லைன் செத்துக் கெடக்கு. திடீர்னு கொட்டு கொட்டுனு போட்டோவா போவுது. யாருக்கு அனுப்புற?"

"ஷிரீனுக்குத்தான். கட்டில், கக்கூசு, ஐஸ்பெட்டி எல்லாம் படம் எடுத்து அனுப்பணும்."

"கட்டிலயா?"

"ஆமா, கட்டிலத்தான்! விரிச்சிருக்கேனான்னு பாக்க வேணாமா?"

அவன் பார்த்த பார்வையில் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "என் பாஸ்போர்ட் எங்கங்க இருக்கு? நீங்கதான அலமாரியில பூட்டி வெச்சிருக்கீங்க? பாஸ்போர்ட் இல்லாம சிங்கப்பூர் பாலத்து மேல பறந்தா போனேன்?"

சுகுமாறன் சாவியை எடுத்துப்போய் அலமாரியைத் திறந்து பார்த்தான். பார்த்தான்! இருபது வருஷம் ஒரே தட்டில் சோறு போட்டுக் கொடுத்தவள் சொல்கிறாள், அவன் போய்த் துணிகளுக்கு அடியில் துழாவிப் பார்க்கிறான். பாஸ்போர்ட் இருந்தது. அதில் அவனுக்கு நிம்மதி வரவில்லை, குழப்பம்தான் கூடியது.

"போன் ஏன்டி பொய் சொல்லப்போவுது? அதுக்கென்ன லாபம்?" என்றான்.

மறுநாள் சாலையோர ஒட்டுக்கடையில் இந்தக் கதை அலசப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுச் சங்கதியை ஒட்டுக்கடை மேசையில் தேநீரோடு வைத்தால் அதற்கு வைத்தியம் சொல்ல ஆளா இல்லை? தண்ணீர்க் குழாய் வேலை செய்யும் கூட்டாளி திருச்செல்வம் சொன்னானாம்: "மெயின் வால்வ கொஞ்சம் அடைச்சு விடு லா. எங்க ஒழுகுதுன்னு தானா தெரிஞ்சிடும்." சுகுமாறன் அங்கேயே உட்கார்ந்து, மனைவியின் நம்பரைத் தொட்டு, லிமிட்டைக் குறைத்து, சரி என்று அமுக்கினான்.

செல்வராணிக்கு அது திங்கட்கிழமை மத்தியானம்தான் தெரிந்தது. பாதி யூனிட்டுகளின் படம் போனது. மீதி போகவில்லை, வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. லிஃப்ட் பக்கம் நின்று போனைத் தூக்கிப் பிடித்தாள், அணைத்து எழுப்பினாள். பிறகுதான் மெசேஜைப் பார்த்தாள்: உங்கள் லைன் உரிமையாளர் வைத்த அளவு முடிந்துவிட்டது. உரிமையாளர்! அந்தச் சொல்லைப் படித்தபோது காது மடல் சுட்டது.

சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூப்பிட்டாள்.

"லிமிட்ட எடுங்க. வேல ஓடலங்க."

"வேல கையால செய்யிறதுதான? கூட்டுறதுக்கு எதுக்கு டேட்டா?"

"எத்தன தடவ சொல்றது ஒங்களுக்கு?"

"நீ ஒழுங்கா சொன்னா நான் ஒழுங்கா எடுக்கிறேன். அவ்வளவுதான்."

ஒழுங்காகச் சொல்வது என்றால் என்ன? அவன் நினைத்து வைத்திருப்பதைச் சொல்வது. அதை அவள் எங்கேயிருந்து கொண்டுவருவாள்? அந்த வாரம் முழுக்க, கூட வேலை செய்யும் பிரேமலாவிடம் டேட்டா கடன் கேட்டு நின்றாள். பிரேமலா நல்ல பெண், முகம் சுளிக்காமல் ஹாட்ஸ்பாட் திறந்து விட்டாள். ஆனாலும் தன்னைவிட இளையவள் முன்னால் தினமும் போய், "பிரேமா, ஒரு நிமிசம் லா" என்று நிற்பது செல்வராணிக்கு நெஞ்சைக் கிள்ளியது. சொந்தமாக ஒரு சிம் வாங்கிப் போட்டுக்கொள் என்று பிரேமலாவே சொன்னாள். புது நம்பரை அவன் கண்டுபிடித்தால் அதற்கு வேறு பெயர் வைப்பான் என்று பயந்து செல்வராணிதான் வாங்கவில்லை. அந்தப் பயத்தை நினைத்துத்தான் பின்னால் அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

பள்ளி விடுமுறைக் கூட்டம் வந்து இறங்கிய வெள்ளிக்கிழமை, பிரேமலாவை வேறு மாடிக்குப் போட்டுவிட்டார்கள். கடல் பக்கத்து யூனிட்டுகள் எல்லாம் செல்வராணி தலையில். வியர்வை ஊற்ற ஊற்ற ஒவ்வொன்றாக முடித்தாள். படங்களை எடுத்துக்கொண்டு லிஃப்ட் பக்கம் ஓடி வந்தாள். நம் லைன் வந்தது, டேட்டா வரவில்லை. அன்றைய லிமிட் காலையிலேயே தீர்ந்திருந்தது. கீழே லாபியில் பெட்டிகளும் குழந்தைகளுமாகக் குடும்பங்கள் காத்திருந்தன. ஷிரீன் அனுப்பிய மெசேஜ் எதுவும் அவளுக்கு வந்து சேரவில்லை. வேலை செய்கிறவர்களுக்கென்று இருந்த ஒரே வாக்கி டாக்கியும் அன்றைக்குப் பார்த்துப் பிரேமலாவின் மாடியில் இருந்தது.

லிஃப்ட் காலியாகவே இல்லை. படிக்கட்டில் இறங்கி ஓடினாள். மூச்சு வாங்க லாபிக்கு வந்து போனை நீட்டி, "முடிச்சிட்டேன் ஷிரீன், எல்லாம் முடிச்சிட்டேன், பாரு" என்றாள். அங்கே மேனேஜர் நின்றுகொண்டிருந்தார். அழுகிற கைக்குழந்தையோடு ஓர் அம்மா அவரிடம் கத்தி முடித்த நேரம். அவர் செல்வராணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஷிரீனிடம் மலாயில் சொன்னார்: குழுவில் பதில் சொல்லாத ஆளை லீடராகப் போட முடியாது, வேறு பேரைக் கொடு. அவள் காதில் விழட்டும் என்றே சொன்னார்.

சாயங்காலம் ஷிரீன் அவளிடம் வந்தபோது கண்ணைப் பார்க்கவில்லை. "சாரிக்கா. ஒங்க வேலையில ஒரு கொறையும் இல்ல. ஆனா போன் இப்படி அடிக்கடி செத்துப்போனா நான் என்ன பண்றது? பிரேமலா பேரக் குடுத்துட்டேன்."

செல்வராணி அழவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து சுகுமாறனைக் கூப்பிட்டாள். "இந்த வாரம் நான் வரல. லீவு கூட்டம்," என்று மட்டும் சொன்னாள்.

"வரலயா?" என்றான் சுகுமாறன். "சரி. நாளைக்கி நானே வந்து பாக்குறேன்."

வந்தேவிட்டான். காலை பஸ் பிடித்து வந்து, அடுக்குமாடிக்கு எதிரே கடற்கரைச் சுவரோரம் ஒரு சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று வாசலையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். செல்வராணிக்கு அவன் அழைப்பு வந்தபோது அவள் கையில் ரப்பர் உறை. லோஷினிக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று பதறி, உறையைக்கூடக் கழற்றாமல் கீழே ஓடி வந்தாள்.

சுகுமாறன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"ராணி! இங்க பாரு லா!" போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "நான் சிங்கப்பூர்ல இருக்கேனாம்! பெஞ்சுல உக்காந்து கொஞ்ச நேரந்தான் ஆச்சு, வெல்கம் சொல்றான்! அலமாக், நீ சொன்னது நெசந்தான்!"

அவன் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்தான். மனசு லேசாகிவிட்டது போலிருந்தது அவனுக்கு. அவளுக்கும் லேசாக வேண்டும் என்று எதிர்பார்த்தான். அவளுக்கோ உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிந்தது. இதுவரை பட்ட கோபமெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"இப்ப நம்பிட்டீங்களா?" என்றாள்.

"அதான் கண்ணால பாத்துட்டேன்ல?"

"நான் வாயால சொன்னேன். ஒரு தடவ இல்ல, பத்துத் தடவ. நம்பல. பாஸ்போர்ட்ட எடுத்துப் பாத்தீங்க, அதயும் நம்பல. அக்கரையில நிக்கிற இரும்புத் தூணு ஒங்களுக்கு ஒரு வரி அனுப்பினோன நம்பிட்டீங்க. இருவது வருசமா ஒங்க கூட இருக்கேன். அந்தத் தூணு ஒங்களுக்கு என்ன செஞ்சிருக்கு?"

"சரி சரி, கத்தாத லா, ஆளுங்க பாக்குறாங்க." அவன் அவசரமாகச் சுவரைவிட்டு நாலடி தள்ளி வந்து, நம் லைன் திரும்பியதும் செயலியைத் திறந்து எதையோ தட்டினான். "இந்தா, எடுத்துட்டேன் பாரு. இனிமே ஒனக்கு லிமிட்டே இல்ல. எவ்வளவு வேணும்னாலும் ஓட்டிக்க." தீபாவளிக்குப் புடவை எடுத்துக் கொடுத்தவன் போல நின்றான்.

"லீடர் வேலய நேத்தே பிரேமலாவுக்குக் குடுத்துட்டாங்க."

"என்ன லீடர் வேல?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, அதை அவனிடம் சொல்லவே இல்லை என்று. சொல்ல வந்த நாளில்தானே அவன் போனைப் பிடித்துக்கொண்டு நின்றான்! இப்போது சொன்னாள். ஷிரீன் தன்னைக் கூப்பிட்டதிலிருந்து, மேனேஜர் ஏற இறங்கப் பார்த்தது வரை நிறுத்தாமல் சொன்னாள்.

சுகுமாறனின் சிரிப்பு அடங்கியது. தலையைச் சொறிந்தான். "எனக்கு எப்படி லா தெரியும்? சரி விடு, அடுத்த தடவ கெடைக்கும். வேணும்னா நான் அந்த ஷிரீன்கிட்ட பேசட்டுமா?"

"யாரும் எனக்காகப் பேச வேணாம். ஒண்ணு மட்டும் செய்யுங்க. என் நம்பர ஒங்க லைன்லேருந்து எடுத்திருங்க."

"ஏன்? அதான் லிமிட்ட எடுத்துட்டேனே?"

"போடுறதும் நீங்க, எடுக்கிறதும் நீங்க. அதுதான் வேணாங்கிறேன். என் லைன நானே கட்டிக்கிறேன். இன்னைக்கே."

"அப்ப நீ எங்க இருக்க, என்ன பண்றன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க," என்றாள் செல்வராணி. குரல் உடைந்தது. உடைந்தாலும் நிறுத்தவில்லை. "வாயத் தொறந்து என்னையக் கேளுங்க. நான் சொல்லுவேன். அத நம்ப முடியலன்னா, தெரியாமலே இருங்க."

அவள் திரும்பி நடந்தாள். வாசலை எட்டுவதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"அடுத்த சனிக்கிழம வீட்டுக்கு வருவியா?"

இத்தனை வருஷத்தில் அவன் அதைக் கேட்டதே இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்றுதான் கேட்பான். செல்வராணி நின்று யோசித்தாள். கோபத்தில் ஏதாவது சொல்லிவிடக்கூடாது, உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"தெரியல. நான் இன்னும் முடிவு பண்ணல," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

சுகுமாறன் பழக்கதோஷத்தில் கையிலிருந்த போனைக் குனிந்து பார்த்தான். கோடுகள் இருந்தன, மணி இருந்தது. அவள் வருவாளா என்பது அதில் எங்கேயும் இல்லை.