பூமாலையின் 510511

விழுப்புரத்தில் பஸ் ஏறும்போது ஆனந்தராஜுக்கு இருந்த தைரியம் கூட்டேரிப்பட்டில் இறங்கும்போது இல்லை. வயது ஐம்பத்திரண்டு, பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் செய்த தப்பு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் வந்திருந்தான். பழைய நண்பன் பூமாலையின் டயர்க் கடை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத்திலேயே இருந்தது.

என்ன காலம் அது! திண்டிவனத்துக் கல்லூரிக்கு இருவரும் தினமும் ஒன்றாகத்தான் போவார்கள். முன்னால் போகும் லாரியின் நம்பரை யார் முதலில் வகுத்து உடைக்கிறார்களோ அவர்களுக்குத்தான் ஜன்னல் சீட்டு. 1001 என்றால் ஏழு, பதினொன்று, பதின்மூன்று. எதனாலும் உடையாத பகா எண் வந்துவிட்டால் இவர்கள் போடும் கூச்சலில் கண்டக்டர் தலையில் அடித்துக்கொள்வார். அந்தச் சந்தோஷம் ஆனந்தராஜுக்கு அதற்கப்புறம் எந்தப் பயணத்திலும் கிடைக்கவில்லை.

மூன்றாம் வருடம் பூமாலை ஒரு பெரிய எண்ணைப் பிடித்தான். இரண்டிலிருந்து பதினேழு வரை உள்ள ஏழு பகா எண்களையும் பெருக்கி, ஒன்றைக் கூட்டினான். 510511.

"அந்த ஏழுல எதால வகுத்தாலும் ஒண்ணு மிச்சம் நிக்கும் மச்சான். அப்போ இதுவும் பகா எண்ணுதான?"

கணித மன்றத்தில் மேடையேறிச் சொல்லப்போவதாக ஒரே குதி. பதினேழுக்கு மேலேயும் பகா எண்கள் இருக்கின்றனவே என்று அவனுக்குத் தோன்றவில்லை. ஆனந்தராஜுக்குத் தோன்றியது. அடுத்து வரும் பத்தொன்பதால் வகுத்துப் பார்த்தான். மிச்சமே இல்லை.

ஆனால் வாயைத் திறக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன சப்பைக்கட்டு கட்டுவது? மறுநாள் பேராசிரியர் கரும்பலகையில் வகுத்துக் காட்டியதும் மொத்த அரங்கமும் சிரித்தது. பூமாலை மேற்படிப்புக்குப் போகாமல் அப்பாவின் கடைக்கே வந்துவிட்டான்.

இப்போது கிரீஸ் கையோடு ஓடிவந்து கட்டிக்கொண்டான். ஆனந்தராஜ் நின்றபடியே கொட்டிவிட்டான்.

"பத்தொம்போதுல போவும்னு எனக்கு முந்தின நாளே தெரியும்டா. தெரிஞ்சேதான் உன்ன மேடையேற உட்டேன்."

பூமாலையின் முகம் சுண்டிவிட்டது. "பஸ்ஸுலயே சொல்லியிருந்தா சிரிச்சிக்கினே போயிருப்போம்," என்றான். ஆனந்தராஜுக்குக் கண் கலங்கியது.

கையைத் துடைத்து முடித்த பிறகுதான் பூமாலை மறுபடி பேசினான். "ஆனா ஒண்ணு. பத்தொம்போதால வகுத்தா 26869 வரும். அது பகா எண்ணு. இந்தக் கடையில உக்காந்துகினு எத்தினியோ நாளு அதத்தான் நெனச்சிக்குவேன். நம்ம நம்பர்ல அந்தத் துண்டாவது உடையாம நிக்குதேன்னு."

அதுவும் உடையும் என்று ஆனந்தராஜுக்குத் தெரியும். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், நண்பன் நிம்மதியாக இருப்பான்.

"இல்லடா," என்றான். "தொண்ணூத்தேழுல போவும்."

பூமாலை முறைத்தான். டயரில் குறி போடும் சாக்பீஸை எடுத்து, தரையில் குந்தி வகுத்தான். 277 வந்தது. மிச்சமில்லை. சாக்பீஸைக் கீழே வைத்தான்.

"இந்த வாட்டி ஜல்தியா சொல்லிட்ட," என்று சொல்லி, எழுந்திருக்கக் கையை நீட்டினான்.