ராகு காலத்தில் தூக்கிய கை

எங்கள் சந்து இடிபட வேண்டும் என்று நான் சொன்னபோது வீட்டில் இருந்த ஆண்கள் அத்தனை பேரும் பைத்தியத்தைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார்கள். சந்து இடிபட்டால் முதலில் போவது நாங்கள் குடியிருக்கும் வீடுதான். அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன்.

ராஜதானி டில்லிக்குப் போன வருஷம் அது. கல்கத்தாவில் பவானிப்பூரில், காளிகட்டுக் கோயிலுக்குப் போகிற வழியில் ஒரு சந்து. அதில் மதராஸிக் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தோம். எங்கள் ஆண்கள் எல்லோரும் சர்க்கார் ஆபீஸ்களில் கணக்கு எழுதுகிறவர்கள். என் அகத்துக்காரர் அனந்தகிருஷ்ணன் அவர்களில் கொஞ்சம் மூத்தவர். ஆபீஸில் துரையே அவர் போட்ட கணக்கைத் திருப்பிப் பார்ப்பதில்லை என்பார்கள். வெளியே ஒரு வார்த்தை பேசச் சொன்னால் மட்டும் பேச்சு வராது.

எங்கள் வீடு, பக்கத்து வீடு, எதிர் வீடு எல்லாம் ஹால்தார் பாபுவுக்குச் சொந்தம். சந்தின் நடுவில் ஒரு திருப்பம் உண்டு. அந்தத் திருப்பத்தில் ஹால்தார் பாபு தம் சணல் கிடங்கின் சுவரை வழியிலேயே இழுத்துக் கட்டிவிட்டார். தலையில் கூடை வைத்துக்கொண்டு எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் பின்னால் போக வேண்டும். கேட்க ஆளில்லை.

அந்தத் திருப்பத்தில்தான் எங்கள் சுப்பு செத்தாள்.

சுப்புலக்ஷ்மி இவருடைய ஒரே தங்கை. பெற்றவர்கள் இல்லாததால் பிரசவத்துக்கு எங்களிடம் வந்திருந்தாள். முந்தின மழைக்காலத்தில் வலி கண்டது. டாக்டரின் வண்டி சந்து முனையிலேயே நின்றுவிட்டது. அவர் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து பார்த்து, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். பல்லக்குக் கொண்டுவந்தோம். காலியாகச் சாய்த்துக் கொண்டுவந்த பல்லக்கு, அவளை வைத்துத் தூக்கியதும் திருப்பத்தில் திரும்பவில்லை. தூக்குகிறவர்கள் சாய்த்துப் பார்த்தார்கள், பின்னால் போய்ப் பார்த்தார்கள். உள்ளே சுப்பு "மன்னி, மன்னி" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு கத்தவில்லை. நான் பல்லக்கின் கட்டையைப் பிடித்துக்கொண்டு ஹால்தாரின் சுவரைக் கையால் அடித்தேன். சுவருக்கு என்ன தெரியும்?

ஆகவே, நகரத்தைச் சீர்படுத்தப் போகிறார்கள், சந்துகளை இடித்து அகலமாக ரோடு போடப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் என் காலம் வந்துவிட்டது என்று நினைத்தேன். செலவில் ஒரு பங்கு சர்க்கார் கொடுக்குமாம், ஒரு பங்கு சணலுக்குப் போடும் தீர்வையாம், மிச்சம் ஊர் ஜனங்கள் வீட்டு வரியோடு சேர்த்துக் கட்ட வேண்டுமாம். இந்த மிச்சத்தில்தான் சண்டை. கார்ப்பரேஷனில் எங்கள் வார்டு மெம்பர் ஒரு கிழ வக்கீல், நல்ல மனுஷர். "என் வார்டு ஜனங்கள் சரி என்றால் சரி என்று சொல்வேன், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்வேன். குடியிருக்கிற ஆம்பிளைகள் எல்லாரும் வந்து கை தூக்குங்கள்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குத் தம் வீட்டு முற்றத்தில் கூட்டம் போட்டார். வேண்டாம் என்று வந்தால் ரோடு வேறு வார்டுக்குப் போய்விடும்.

நாளும் நேரமும் குறித்ததில் ஹால்தார் பாபுவின் கையும் இருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு வரை ராகு காலம். அந்த நேரத்தில் மதராஸி எவனும் வாசலைத் தாண்ட மாட்டான் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். வாடகை கேட்க வந்து எத்தனை முறை "ராகு காலம், அப்புறம் வாருங்கள்" என்று திருப்பி அனுப்பப்பட்டிருக்கிறார்!

இதற்கு மேல் எங்கள் வீட்டுக் கடிகாரம் ஒன்று. கல்கத்தா ஊருக்கு ஒரு நேரம், ரயிலுக்கு ஒரு நேரம் அந்த நாளில். ஊர்க் கடிகாரம் ரயில் கடிகாரத்துக்கு அரை மணிக்குக் கொஞ்சம் குறைவாக முந்தி ஓடும். ஆபீஸுக்குப் போக ஊர் நேரம். ஆனால் பஞ்சாங்கம் கும்பகோணத்திலிருந்து வருகிறது, ஆகவே பஞ்சாங்கத்துக்கு நம் தேசத்து நேரம் என்று இவர்கள் முடிவு கட்டி, ஹௌரா ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்து எங்கள் கூடத்துக் கடிகாரத்தை வைத்திருந்தார்கள். சூரியன் இங்கே உதிக்கிறபடிதானே இங்கே ராகு என்று யாரும் யோசிக்கவில்லை. எல்லோரும் கணக்கில் புலிகள்.

அன்று எல்லா ஆண்களும் எங்கள் கூடத்தில் கூடினார்கள். ராகு காலம் கழிந்ததும் ஒன்றாகப் போய்க் கை தூக்குவது என்று ஏற்பாடு. நான் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு வங்காளிப் பெண், நான் தீதி, அதாவது அக்கா, என்று கூப்பிடும் மிருணாளினி, பின்கட்டு வழியாக ஓடி வந்தாள். அவள் மெம்பர் வீட்டு மாடியில் பெண்களோடு மூங்கில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவள்.

"பிஜயா, என்ன இன்னும் உன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறார்கள்? பேச்சு முடியப் போகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கை எண்ணப் போகிறார்கள்" என்றாள் வங்காளி பாஷையில். விஜயம் என்ற என் பேர் அவள் வாயில் பிஜயா.

நான் கூடத்துக்கு வந்து சொன்னேன்.

"இன்னும் அரை மணிக்கு மேல இருக்கே மன்னி" என்றார் இவரோடு ஆபீஸில் இருக்கும் சுந்தரேசன், கடிகாரத்தைக் காட்டி.

"உங்க கடிகாரத்துல இருக்கு. அங்க இல்லை. கூட்டம் கல்கத்தா மணிக்கு நடக்கறது. சூரியனும் கல்கத்தா மணிக்குத்தான் அஸ்தமிக்கிறான். வாசல்ல வந்து பாருங்கோ, வெளிச்சம் எங்க இருக்குன்னு."

"பஞ்சாங்கத்தைப் போய் நாம திருத்தறதா?" என்றார் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வைத்தீஸ்வரன்.

தீதிக்கு விஷயம் புரிந்து சிரித்துவிட்டாள். அவர்கள் பஞ்சாங்கத்தில் ஞாயிற்றுக்கிழமையின் கெட்ட வேளை மத்தியானத்தோடு தீர்ந்துவிடுகிறதாம். ஒரே சந்தில், ஒரே ஆகாசத்துக்குக் கீழே, இரண்டு ராகு.

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன்னா, உங்களைப் பிடிச்சிண்டிருக்கறது ராகு இல்லை. ஹால்தார். கை தூக்கினா நாளைக்கே வீட்டைக் காலி பண்ணச் சொல்லுவான்னு பயம். அதை வாயைத் திறந்து சொல்லிடுங்கோ. ராகு தலையில போடாதேங்கோ."

"விஜயம், எல்லார் எதிர்லயும்..."

"எல்லார் எதிர்லதான் சுப்பு செத்தா."

நான் காபிப் பாத்திரத்தை அங்கேயே வைத்துவிட்டு, தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு தீதியோடு கிளம்பினேன். "ராகு காலத்துல..." என்று யாரோ ஆரம்பித்தது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை.

மெம்பர் வீட்டு மாடியில் மூங்கில் திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தபோது கீழே ஹால்தார் பாபு பேசிக்கொண்டிருந்தார். பேச்சில் கெட்டிக்காரர்.

"ராஜதானியே டில்லிக்குப் போய்விட்டது. எழுந்து போன மாப்பிள்ளைக்கு எதற்கு இங்கே பந்தல்? துரைகளின் மோட்டார் ஓடுவதற்கு நாம் ஏன் வரி கட்ட வேண்டும்? ரோடு போட்டதும் நிலம் விலை ஏறும், ஏழைகள் துரத்தப்படுவார்கள். வீட்டுக்காரனுக்கு ஈடு கிடைக்கும். குடியிருக்கிறவனுக்கு? ஒரு செப்புக்காசு கிடையாது. இதோ பாருங்கள், எங்கள் சந்தில் இருக்கிற மதராஸி பாபுக்கள் ஒருவர்கூட வரவில்லை. அவர்கள் வீடுதான் முதலில் இடியப் போகிறது. வராததே அவர்கள் பதில்."

அவர் சொன்னதில் பாதி நிஜம். அதுதான் எனக்கு ஆத்திரமாக இருந்தது. கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். மெம்பர் எழுந்து, கைகளை எண்ணலாமா என்று கேட்டார்.

நான் அதுவரை அந்நிய ஆண்கள் காதில் விழும்படி பேசியதே இல்லை. தீதியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு திரைக்குப் பின்னாலிருந்து, எனக்குத் தெரிந்த வங்காளியில் கத்தினேன்.

"எங்கள் பதிலை ஹால்தார் பாபு சொல்ல வேண்டாம்! நான் சொல்கிறேன். நான் அந்த மதராஸி வீட்டில் இருக்கிறவள்."

கீழே எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. ஹால்தார் பாபு ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெம்பர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "சொல்லம்மா" என்றார்.

"வீடு இடியும். எங்களுக்கு ஈடு கிடைக்காது. அது அநியாயம்தான். குடியிருக்கிறவனுக்கும் முதலில் ஒரு இடம் காட்டு, அப்புறம் இடி என்று சர்க்காரைக் கேளுங்கள், சண்டை போடுங்கள். ஆனால் அதற்காக ரோடே வேண்டாம் என்று சொல்லாதீர்கள். போன மழையில் என் நாத்தனார் பல்லக்கில் கிடந்தாள். ஹால்தார் பாபுவின் கிடங்குச் சுவரில் பல்லக்கு மாட்டிக்கொண்டது. அவளும் போனாள், வயிற்றில் இருந்ததும் போயிற்று. துரையின் மோட்டார் அதில் ஓடினால் ஓடட்டும். எங்கள் பல்லக்கும் போகும் இல்லையா? என் வீட்டை முதலில் இடியுங்கள். அந்தச் சுவரையும் சேர்த்து இடியுங்கள்."

குரல் உடைந்துவிட்டது. அழுதேன். வெட்கப்படவில்லை.

மெம்பர் மெதுவாக, "அம்மா, நீ சொன்னதை நான் கார்ப்பரேஷனில் அப்படியே சொல்வேன். ஆனால் எண்ணிக்கைக்கு ஆண்களின் கைதான். உன் வீட்டு ஆண் யாராவது இங்கே இருக்கிறார்களா?" என்று கேட்டார்.

ஹால்தார் பாபு சிரித்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார்.

"இருக்கேன்" என்று வாசல் பக்கம் ஒரு குரல் கேட்டது. தமிழில்.

இவர்தான். சட்டைகூடப் போடவில்லை, மேலே துண்டு மட்டும். ஓடி வந்ததில் மூச்சு வாங்கியது. பின்னால் சுந்தரேசன், வைத்தீஸ்வரன், எல்லோரும். யார் கடிகாரப்படி பார்த்தாலும் ராகு காலம் அப்போது முடிந்திருக்கவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தபோது ராகு காலம் என்று எங்கள் தெரு முனையில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்த மனுஷர் அவர்.

ஹால்தார் பாபு எழுந்தார். "அனந்த பாபு, யோசித்துச் செய்யுங்கள். நீங்கள் என் வீட்டில் குடியிருக்கிறீர்கள்."

இவர் அவரைப் பார்க்கவே இல்லை. மெம்பரைப் பார்த்து இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது.

"பாபு, ஒருவருக்கு ஒரு கைதான்" என்றார் மெம்பர்.

இவருக்கு வங்காளி சரியாக வராது. தட்டுத் தடுமாறிச் சொன்னார். "ஒன்று என்னுடையது. ஒன்று என் தங்கையுடையது. அவளும் இந்த வார்டில்தான் இருந்தாள்."

சிரிப்பு நின்றுவிட்டது. மெம்பர் தம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "ஒன்றைத்தான் எண்ண முடியும், பாபு" என்றார் மறுபடியும், இந்தத் தடவை மிகவும் தாழ்ந்த குரலில். இவர் கையை இறக்கவில்லை. சுந்தரேசன் கை தூக்கினார். வைத்தீஸ்வரன் தூக்கினார். முன்பு ஹால்தாருக்குத் தலையாட்டிய கிழவர் ஒருவர், எங்கள் எதிர் வீட்டில் குடியிருப்பவர், மெல்லத் தூக்கினார். அப்புறம் முற்றம் முழுக்க இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கைகள் எழுந்தன.

எண்ணி முடித்து, சரி என்பவர்களே அதிகம் என்று மெம்பர் அறிவித்தபோது இவர் இரண்டு கைகளையும் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தார். சுந்தரேசன்தான் தோளைத் தொட்டு இறக்க வைத்தார்.

மறுநாள் காலையிலேயே வீட்டைக் காலி பண்ணச் சொல்லி ஹால்தார் பாபுவின் ஆள் வந்தான். நான் அப்போது பரணிலிருந்து வெங்கலப் பானைகளை இறக்கிச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். இவர் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கயிற்றின் மறுமுனையைப் பிடித்து இழுத்தார்.