வேண்டாம் என்ற தீவில் என் வீட்டுக்காரர்

பொங்கல் விழாவுக்குப் பட்டிமன்றம் வைப்பது அந்தமான் போர்ட் பிளேரில் எங்கள் தமிழ் அமைப்பின் வழக்கம். பெரும்பாலும் குடும்ப மகிழ்ச்சிக்குக் காரணம் கணவனா மனைவியா என்கிற மாதிரி தலைப்பு இருக்கும். 2024 பொங்கலுக்கு மட்டும் செயலாளர் ஆவுடையப்பன் அண்ணாச்சி வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மாலத்தீவுத் தேர்தலில் ஜெயித்துப் புது அரசு வந்து, அங்கே இருந்த நம் படையினரைத் திரும்பிப் போகச் சொல்லியிருந்த நேரம் அது. டிவியைத் திறந்தால் அதுதான் ஓடியது. 'வேண்டாம் என்ற பிறகு நட்பு நாட்டில் நம் படை இருக்கலாமா, கூடாதா?' என்று நோட்டீஸ் அடித்த பிறகுதான் எனக்கு போன் செய்தார்.

"இருக்கலாம்னு நீ பேசும்மா."

"அண்ணாச்சி, எங்க வீட்டுக்காரர் அங்கதான இருக்காரு?"

"அதனாலதாம்மா கேக்கேன். வேற யாரு பேசினாலும் டிவில பாத்ததைத்தான் பேசுவாங்க."

என் வீட்டுக்காரர் நந்தகுமார் நேவியில் ஹெலிகாப்டர் டெக்னீசியன். நம் நாடு அவர்களுக்குக் கொடுத்திருந்த ஹெலிகாப்டரைப் பராமரிக்கத் தெற்குப் பக்கம் ஒரு தீவில் போட்டிருந்தார்கள். சண்டை போடுகிற வேலை இல்லை. தூரத்துத் தீவுகளிலிருந்து நோயாளிகளைத் தூக்கிவந்து ஆஸ்பத்திரி உள்ள இடத்தில் இறக்குவதுதான் அந்த மெஷினின் முக்கால்வாசி வேலை. நான் இங்கே துறைமுகப் பக்கம் ஹேடோவில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் கிளார்க். அதே ஊரில் பத்துபஸ்தியில் வாடகை வீட்டில் நானும் என் மாமியார் செல்லமும் இருந்தோம்.

அத்தைக்குப் பட்டிமன்றமே பிடிக்கவில்லை. "போகச் சொன்னா வந்துர வேண்டியதுதான? இதுல மைக் வச்சுப் பேச என்ன இருக்கு?" என்றார்.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "யூனிட் பேரு, தீவு பேரு எதுவும் வாயில வரக்கூடாது வைஜி" என்றார். அதற்கு மேல் தடுக்கவில்லை.

மேடையில் என் முதல் சுற்று நன்றாகவே போனது. தீவில் இருக்கிறவர்களிடம் ஹெலிகாப்டரைப் பற்றிப் பேசக் கஷ்டப்பட வேண்டியதில்லை. "தெக்குக் கோடியில கேம்பல் பேயில ஒரு பொண்ணுக்குப் பிரசவம் சிக்கலாயிட்டா நாம கப்பலுக்கா காத்திருக்கோம்? வானத்தைத்தான பாக்கறோம்? அங்கயும் ஒரு பொண்ணு அப்படித்தான் வானத்தைப் பாக்குறா. தலைநகரத்துல கோஷம் போடறவன் பேச்சைக் கேட்டு அவளை விட்டுட்டு வரலாமா?" என்றேன். கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

எதிரணியில் முருகானந்தம் சார். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து இரண்டு நாட்டு அரசுகளின் ஒப்பந்தப்படி வந்தவர்கள். இப்போது இங்கே பள்ளிக்கூட வாத்தியார். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்க பெரியம்மா இந்தியாவுக்கு வரல்ல. வவுனியாப் பக்கம் போய்ட்டாங்க. எண்பத்தேழுல இந்தியன் ஆமி வந்த நேரம் ரோட்டுக்கு ஓடிப் போய்ப் பூப் போட்டாங்களாம். அதே ஆமி திரும்பிப் போறப்ப கதவைச் சாத்திக்கிட்டு உள்ளுக்கே இருந்தாங்களாம். நான் யாரையும் குறை சொல்ல வரல்ல. வந்தவங்க நல்லது செய்யத்தான் வந்திருப்பாங்க. ஆனா வீட்டுக்குச் சொந்தக்காரன் போங்கன்னு சொன்ன பிறகும் நின்னா, முன்ன செஞ்ச நல்லதும் அவனுக்கு மறந்து போகுது. வைஜெயந்தி அக்காகிட்ட ஒண்ணு கேக்குறேன். அங்க இருக்கிற நம்ம ஆள் எப்படி இருக்கார்? அதையும் சொல்லுங்க."

மறுப்புரைக்கு நான் எழுதி வைத்தது வேறு. மைக் முன்னால் நின்றதும் அவர் கேட்டதற்கு வந்துவிட்டது பதில்.

"எங்க வீட்டுக்காரர் கடைக்குப் போனா வாயைத் திறக்கறதில்ல. பேசினா எந்த நாடுன்னு தெரிஞ்சுரும். பேர் கேட்டா வேற பேர் சொல்றாரு. உதவி செய்யப் போன மனுஷன் அப்படி நடக்கணுமா? நான் இருக்கலாம்னு பேச வந்தவ. பொண்டாட்டியா கேட்டீங்கன்னா, கூப்பிட்டுக்கோங்கன்னுதான் சொல்வேன்."

என் அணிக்காரர்களே என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணாச்சி சமாளித்து, படை திரும்பி வரட்டும், நட்பு இருக்கட்டும் என்று தீர்ப்புச் சொல்லி எல்லோரையும் சாப்பிட அனுப்பினார்.

யாரோ அதை போனில் எடுத்திருக்கிறார்கள். ஹெலிகாப்டர் பேச்செல்லாம் போய், கடைசிப் பகுதி மட்டும் பேஸ்புக்கில் சுற்றியது. அந்த வாரமே மாலத்தீவு வரைக்கும் போய், அவர்கள் மொழியில் தலைப்பும் ஒட்டிக்கொண்டது. இந்தியச் சிப்பாயின் மனைவியே சொல்கிறார் என்று.

நான் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்தபோது வீட்டுக்காரர் போன் வந்தது.

"கமாண்டர் சார் கூப்பிட்டாரு. உன் வீடியோவைப் போட்டுட்டு, என்ன சொல்றாங்கன்னு கேட்டாரு. இங்க தமிழ் தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்தி நானே இந்தியில சொன்னேன்."

சாப்பாட்டை மூடி வைத்தேன். "எல்லாமா சொன்னீங்க?"

"பின்ன? மாத்திச் சொல்ல முடியுமா? பேரை மாத்திச் சொல்ற விஷயம் வந்ததும், 'சச் ஹை க்யா?'ன்னு கேட்டாரு. உண்மைதான் சார்னேன். அப்புறம், 'மை பி துக்கான் நஹீ ஜாத்தா'ன்னாரு. அவரும் கடைக்குப் போறதில்லையாம்."

"திட்டினாரா?"

"இனிமே மேடை ஏற வேண்டாம்னு சொல்லச் சொன்னாரு. அதை விடு. கூப்பிட்டுக்கோங்கன்னு சொல்ல உனக்கு யார் சொன்னா? நான் கேட்டனா?"

"உங்களைப் போகச் சொல்றாங்கங்க. அவங்க ஊரு."

"கோஷம் போடறவன் சொல்றான். ராத்திரி பகல் பாக்காம என்கூட நின்னு ஸ்ட்ரெச்சர் தூக்கறானே இந்த ஊர்க்காரன் ஜலீல், அவன் சொல்லல."

"வாயால சொல்லாம ஓட்டுல சொல்லியிருப்பாரு."

அவர் போனை வைத்துவிட்டார். அதற்குப் பிறகு அத்தைக்கு மட்டும் போன் வந்தது. நான் பக்கத்தில் நின்றால் பேச்சு மருந்து மாத்திரையோடு முடிந்துவிடும். நான் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்கும்படி சொல்வதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சாயங்காலம் விமானம் இறங்குகிற சத்தம் கேட்கிறபோதெல்லாம் அது வந்து உறுத்தியது.

பிப்ரவரியில் ஒரு நாள் என் நம்பருக்கே கூப்பிட்டார். எடுத்ததும் சொன்னார்.

"ஜலீல்கிட்ட கேட்டுட்டேன்."

"என்னன்னு?"

"நீ யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு. சிரிச்சான். நீங்க போகணும்னு சொன்னவருக்குத்தான்னான். 'உன் மேல கோபம் இல்ல நந்தா. நீ நல்லவன். ஆனா எங்க ஊர்ல எங்க ஹெலிகாப்டரை நாங்கதான் பாத்துக்கணும். அடுத்த நாட்டுப் பட்டாளம் எதுக்கு?'ன்னான். இந்திப் படம் பாத்துக் கத்துக்கிட்ட இந்தியில அழகா சொல்றான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்ல? அன்னைக்கு சாயங்காலம் அவன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனான். அவன் பொண்டாட்டி மீன் சோறு போட்டாங்க. சாப்பிட்டேன். அவனும் அப்படி நெனப்பான்னு நான் நெனக்கவே இல்ல வைஜி."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. நான் சொன்னதுதான் சரியாகிவிட்டது என்ற சந்தோஷம் கொஞ்சமும் வரவில்லை. "சாப்பாடு நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டேன். "காரம் பத்தல" என்றார்.

அப்புறம் இரண்டு நாடுகளும் பேசி, பட்டாளத்துக்காரர்களுக்குப் பதிலாகச் சீருடை இல்லாத டெக்னீசியன்களை அனுப்புவது என்று முடிவானது. வந்தவர்களுக்கு மெஷின் வேலையைச் சொல்லிக்கொடுத்துவிட்டு ஏப்ரலில் அவர் கிளம்பினார். வழியனுப்ப யாரும் வரக்கூடாது என்று உத்தரவாம். ஆனாலும் முந்தின நாளே ஜலீல் ஒரு பொட்டலம் கொடுத்திருந்தான். வீட்டில் பிரித்தால், கட்டை கட்டையாக மாசிக் கருவாடு. அத்தை மண்டபம் கடற்கரைப் பக்கம் பிறந்தவர். மோந்து பார்த்துவிட்டு, "இதுதான் அசல் மாசி. வேண்டாம்னு சொன்னவன் குடுக்குற சாமானா இது?" என்று அதை அரைக்க அம்மியைக் கழுவப் போனார்.

அன்றைக்குச் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இப்பச் சொல்லுங்க. இருந்திருக்கலாமா, வந்தது சரியா?"

"என்னைக் கேட்டா இருந்திருப்பேன்" என்றார். "புதுப் பசங்க நல்லாத்தான் செய்றாங்க. ஆனா அந்த மெஷினோட சத்தம் எனக்குத்தான் தெரியும்."

"ஜலீல் சொன்ன பிறகுமா?"

"அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனா நான் இருந்திருப்பேன்."

அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் வாதாடவில்லை. ஜூனில் அவருக்கு அரக்கோணம் நேவி தளத்துக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. நான் ஆபீசில் நீண்ட லீவு எழுதிக் கொடுத்தேன். அத்தை மெயின்லேண்ட் வெயிலை நினைத்து முணுமுணுத்துக்கொண்டே சாமான் கட்டினார்.

கட்டிக்கொண்டிருந்தபோது பக்ரீத் வந்தது. ஜலீல் வீடியோ காலில் வந்தான். பின்னால் குழந்தைகள் புதுச் சட்டையில் ஓடினார்கள். என்னைப் பார்த்ததும் அண்ணி முறை வைத்து இந்தியில், "பாபி, உங்க பேச்சை முழுசா கேக்கணும்னு நந்தாகிட்ட கேட்டேன். ஹெலிகாப்டர் பத்திச் சொன்னதை அவன்தான் எனக்குச் சொன்னான். அதுவும் சரிதான்" என்றான். நான் ஈத் முபாரக் சொன்னேன்.

பிறகு அவரிடம், "எப்ப வர்றே? டூரிஸ்டா வா. பாபியையும் அம்மாவையும் கூட்டிட்டு வா" என்றான்.

"உங்க ஊர் ஹோட்டல் வாடகை என் சம்பளத்துக்குக் கட்டாதுப்பா."

"ஹோட்டல் எதுக்கு? என் வீடு இருக்கு."

அவர் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தார். புது ஆட்கள் எப்படி, ரோட்டர் சத்தம் எப்படி, மழை பிடித்துவிட்டதா என்று இந்தியில் ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மிச்சச் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினேன்.