நேராக்கிய காந்தாரம்

கட்டுகஸ்தோட்டையில் ஒரு கடைக்கு மேலே இருந்தது தினேஸின் ஒலிப்பதிவுக் கூடம். போன மாதம் இராஜகுமாரி பாடிக் கொடுத்த தோடி ராகம் அங்கே ஒலிபெருக்கியில் போய்க்கொண்டிருந்தது. ஊர் இசைச் சபை வெளியிடும் இசைத்தட்டுக்கு வந்த பதிவுகளில் இதுதான் முதலாவது என்று நடுவர்கள் தேர்ந்திருந்தார்கள். தினேஸே அதை நேராகச் சபைக்கு அனுப்பிவிட்டதால், அவள் இன்றைக்குத்தான் கேட்கிறாள்.

“நிப்பாட்டு தினேஸ். காந்தாரத்தை என்னா செஞ்ச?”

தோடியில் அந்தச் சுரம் நின்ற இடத்தில் நிற்காது. மேலும் கீழும் அசைந்தால்தான் அது தோடி. இதிலோ அடித்த ஆணிபோல் நின்றது.

“சாஃப்ட்வேர்ல போட்டு நேராக்கிட்டேன் டீச்சர்.” வாசலில் நின்ற அவள் கணவன் சுமனுக்குக் கேட்காதபடி தினேஸ் குரலைத் தாழ்த்தினான். “ரொம்ப நடுங்கிச்சு. வயசானா தொண்டை அப்படித்தானே. நான் யாருகிட்டயும் சொல்லல.”

இராஜகுமாரிக்குக் காது மடல்வரை சூடேறியது. அந்த அசைவு தொண்டையில் படிய அவள் எத்தனை விடியல்களைத் தின்றிருப்பாள்! அதைக் கிழத்தொண்டை என்று எண்ணி மறைத்திருக்கிறான், அதுவும் இரக்கப்பட்டு. இவனாவது சினிமாப் பாட்டுப் பதிகிறவன். முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடும் நடுவர்களுக்கு என்ன கேடு?

பேராதனையில் இருந்த நடுவர் தலைவரைத் தொலைபேசியில் அழைத்து, பதிவை முழுதும் கேட்டாரா என்றாள்.

“ஓம் பிள்ளை, கேட்டனான். சுருதி ஊசிமுனை. ஒலித்தரமும் அந்தமாதிரி, பிரமாதம்.”

“சேர், அதுல தோடியே இல்ல. மெஷின் நேராக்கியிருக்கு. நான் பாடினதை அனுப்புறேன், அதைப் போடுங்க.”

அவர் தொண்டையைச் செருமினார். “மற்றப் பதிவுகளோட அது ஒத்து வராது. இப்பத்தைய ஆக்கள் இப்பிடித்தான் விரும்பீனம். உமக்கு வேண்டாமெண்டால் ரெண்டாவதா வந்தவைக்குக் குடுப்பம்.”

சுமன் உள்ளே வந்தான். “நல்லாத்தானே இருக்கு. ஆட்டி ஆட்டிப் பாடுறதுக்கு இது தெளிவு. பேசாம சரின்னு சொல்லு.”

எல்லார்மேலும் எரிந்த கோபம் கடைசியில் அவள்மேலேயே திரும்பியது. தேர்வான செய்தி வந்த அன்று கண்ணாடி முன் நின்று தனியாகச் சிரித்தவள் அவள்தான். சற்றுமுன்கூட அந்தக் குரலின் இளமையில் ஒரு கணம் மயங்கியிருந்தாள். இந்தக் குரலோடு ஊரெல்லாம் தன் பெயர் போகட்டும் என்று உள்ளே ஒன்று இன்னும் கெஞ்சியது. அந்தக் கெஞ்சல்தான் அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

“குடுத்துருங்க சேர். அதைப் பாடினது நானில்ல.”

சுமன் தலையில் கைவைத்தான். அவள் தினேஸிடம் திரும்பினாள். “நான் பாடினது இருக்கில்ல? போடு.”

மெருகில்லாத, ஐம்பது வயதுக் குரல். காந்தாரம் தன் பாட்டுக்கு அசைந்தது. ஓரிடத்தில் பஞ்சமம் கொஞ்சம் இறங்கியேவிட்டது. தினேஸ் தயங்கி அவளைப் பார்த்தான்.

“ஆமா, அங்க சுருதி போயிருச்சு. அது என் தப்பு. அதுல கை வைக்காத.”

“வா, போவோம்,” என்றான் சுமன்.

“நீங்க போங்க. முழுசும் கேட்டுட்டு பஸ்ஸில வர்றேன்.”